பிரான்ஸ் தம்பி அனுப்பிய மருந்து

1

இந்த வருடம் எனக்கு இரண்டு பத்தாண்டு நிறைவுகள். ஒன்று, லியோன் நகரத்துக்கு வெளியே நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு. இன்னொன்று, பிரெஞ்சு அரசாங்கம் எனக்குக் கொடுத்த வசிப்பு அட்டைக்கு. ஆய்வகம் கேக் வெட்டிக் கொண்டாடியது. அட்டை காலாவதியானது.

காரைக்காலில் இதைப் படிப்பவர்கள் உடனே கேட்பார்கள்: கட்டினது பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைத்தானே, குடியுரிமையே வாங்கியிருக்கலாமே, அட்டை எதற்கு? வாங்கியிருக்கலாம். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்க்கச் சொல்லி ஊரில் மனு கொடுத்தோம். காரைக்காலில் கொடுத்த மனு புதுச்சேரிக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும்; நடுவில் தமிழ்நாடு என்று இன்னொரு மாநிலம் வேறு கிடக்கிறது. போனது தெரியும். வந்ததை இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதனால் பிரெஞ்சுக்காரர்களின் அலுவலகத்தில் வரிசையில் நிற்பது எனக்கு அந்நியமாகத் தோன்றியதே இல்லை. நமக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவர்களே அவர்கள்தான்.

அட்டையைப் புதுப்பிக்கும் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம். 'ஆய்வக உதவியாளர்' என்று எழுதியிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் அப்படியென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"புற்றுநோய் செல்களை வளர்க்கிறேன்."

அதுவரை திரையையே பார்த்துக் கொண்டிருந்தவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "வளர்க்கிறீர்களா?"

"கொல்வதற்காகத்தான்."

அதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது. 'உதவியாளர்' என்று மட்டும் தட்டிவிட்டு அடுத்த காகிதத்தைக் கேட்டார்.

நான் என் தொழிலைப் பற்றி உண்மை பேசும் ஒரே இடம் அந்தக் கவுன்ட்டர்தான். ஊரில் நான் கேன்சர் டாக்டர். யார் முதலில் அப்படிச் சொன்னார்கள் என்று தெரியாது. நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. பத்து வருடமாக மறுக்காமல் இருப்பதும் ஒரு வேலைதான், அதைச் செவ்வனே செய்து வந்தேன்.

2

வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

எங்கள் ஆய்வகம் டெலோமியர் என்ற ஒன்றைக் குறிவைத்துப் புற்றுநோய் மருந்து தேடுகிறது. செல்லுக்குள் இருக்கும் குரோமோசோமின் நுனிக்கு டெலோமியர் என்று பெயர். எங்கள் அக்காவுக்கு இதை நான் போனில் விளக்கிய விதம் இது: நைலான் கயிற்றை வெட்டினால் நுனி பிரிந்துவிடும் என்று தீக்குச்சியால் சுட்டு உருக்கி விடுகிறோம் இல்லையா, அந்தச் சுட்ட நுனிதான் டெலோமியர். செல் ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும் அந்த நுனி கொஞ்சம் தேயும். தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் கயிறு பிரியும், செல் சாகும். அதுதான் ஒழுங்கு. புற்றுநோய் செல்லுக்கு மட்டும் இந்த ஒழுங்கு கிடையாது. பெரும்பாலும் அது கையில் ஒரு தீப்பெட்டி வைத்துக்கொண்டு நுனியைத் திரும்பத் திரும்பச் சுட்டுக்கொண்டே இருக்கும். சாவே இல்லை.

"அந்தத் தீப்பெட்டியப் புடுங்கிட்டா?" என்று அக்கா உடனே கேட்டாள். வசந்தா அக்கா மீன் விற்பவள். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. எங்கள் ஆய்வக இயக்குநர் ஒரு மணி நேரம் படம் காட்டிச் சொல்வதை அவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

பிடுங்கலாம். ஆனால் கயிறு ஏற்கெனவே நீளமாக இருந்தால் அது தேய்ந்து தீர ரொம்ப நாள் பிடிக்கும். அதுவரை செல் பெருகிக்கொண்டேதான் இருக்கும். அதனால் எங்கள் ஆட்கள் வேறு வழி பார்த்தார்கள். தீப்பெட்டியைப் பிடுங்குவதில்லை, அதற்குள் நமத்துப்போன குச்சியைப் போட்டு வைப்பது. நுனி அப்போதே கெடும். நல்ல யோசனைதான். என்ன சிக்கல் என்றால், நம் உடம்பில் ரத்தம் ஊறும் இடத்திலும் இதே தீப்பெட்டி கொஞ்சம் இருக்கிறது, அதுவும் சேர்ந்து கெடும். இன்னொரு சிக்கல், எலியின் கயிறு நம்முடையதைவிட ரொம்ப நீளம். எலிக்குக் குணமாகிவிட்டது என்றால் எலிக்குக் குணமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதில் என் பங்கு? ஆரம்பத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினேன். பிறகு செல்களுக்கு உணவு ஊற்றும் பதவி உயர்வு கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு முறை, குடுவை நிறைந்துவிட்ட செல்களைப் பிரித்துப் புதுக் குடுவையில் போட்டு, எத்தனையாவது முறை பிரிக்கிறோம் என்று மேலே எழுதி வைக்க வேண்டும். முதல் வருடம் இயக்குநர் வந்து செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று கேட்டால் நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டுவேன். அவர் பாவம், இருக்கின்றனவா செத்தனவா என்று தெரியாமல் தானே போய் நுண்ணோக்கியில் பார்ப்பார். இரண்டு மாதம் கழித்து, இனிமேல் என்னிடம் தலையால் பதில் சொல்லக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு வந்தது.

3

அக்காவின் மார்பில் கட்டி என்று போன வருடக் கடைசியில் தெரிந்தது. எங்கள் வீட்டில் யாரும் கேன்சர் என்ற சொல்லை உபயோகிப்பதில்லை. 'அந்தக் கட்டி' என்போம். உறவில் ஒரு கேன்சர் டாக்டரை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லாமல் காலம் தள்ளுகிற குடும்பம் நாங்கள்.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். முதலில் ஊசி மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், பிறகு அறுவை சிகிச்சை. மூன்று வாரத்துக்கு ஒரு தவணை. காரைக்கால் துறைமுகத்தை ஒட்டி, கீழவாஞ்சூர்ப் பக்கத்தில் இருக்கிறது அக்காவின் வீடு. விடியுமுன் கிளம்பி, பஸ் பிடித்து, தரங்கம்பாடி, சிதம்பரம், கடலூர் என்று ஊர் ஊராகக் குலுங்கிப் போய், ஏற்றிக்கொண்டு, அதே வழியில் வாந்தி எடுத்துக்கொண்டு திரும்புவாள். இரண்டு தவணை அப்படிப் போனாள். கட்டி நன்றாகச் சுருங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார்.

அந்த வாரம்தான் ஆய்வகத்தின் பத்தாண்டு விழா. கேக்கும் வைனும் நடுவில் இருக்க, எல்லோரும் எல்லோரையும் பாராட்டினார்கள். எனக்கும் தலைக்கு ஏறிவிட்டது. வைனைச் சொல்லவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டேன். "அக்கா, நம்ம மருந்து நல்லா வேலை செய்யுது. எலிங்கள்லாம் நல்லா இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான், ஒன்னும் கவலப்படாத." நம்ம மருந்து! குடுவைக்கு எண் எழுதுகிறவன் சொன்னது.

விழாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க விளம்பரப் பிரிவு ஒரு சின்ன வெள்ளை டப்பா செய்திருந்தது. உள்ளே புதினா மிட்டாய். மருந்து டப்பா மாதிரியே அச்சு. மேலே நுனிகள் மட்டும் மின்னும் குரோமோசோம் படம், திட்டத்தின் பெயர், அடியில் பிரெஞ்சில் ஒரு நகைச்சுவை: 'காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பத்து வருடத்துக்குத் தவறாமல்.' என் மகள் மாயாவும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து டப்பாக்களில் மிட்டாய் நிரப்பினார்கள். நிறைய மிச்சமானது. சும்மா கிடைத்ததை விடுவானேன் என்று, ஊருக்குக் கிளம்பிய மனைவியின் சித்தப்பா மகனின் பெட்டியில் இருபது டப்பாவைப் போட்டுவிட்டேன். சொந்தக்காரக் குழந்தைகளுக்கு ஆகும் என்று நினைப்பு.

பிரான்ஸில் இருந்து ஊருக்குப் போகும் பெட்டியின் இலக்கணம் உங்களுக்குத் தெரியும். மேலே சாக்லேட், நடுவில் சென்ட், அடியில் மாத்திரை. பிரான்ஸ் மாத்திரை என்றால் அதற்கு ஒரு மவுசு. எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மாமனார் வீட்டில் ஒருவர் மூக்குக்கண்ணாடி துடைக்கும் ஈரத்தாளை நெற்றியில் ஒட்டிக்கொண்டு தலைவலி போயே போச்சு என்றார். நான் சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

4

ஒரு புதன்கிழமை காலை பத்து மணி. குடுவைகளை வெளியே எடுத்து வைத்திருந்தேன். அக்காவின் கணவர், மாமா, கூப்பிட்டார். பின்னால் துறைமுகத்து நிலக்கரி லாரிகளின் ஹாரன்.

"மாப்ள, வேலையா இருக்கீங்களா? ஒன்னுமில்ல, டப்பா முடியப் போவுது. அடுத்தது எப்ப அனுப்புறீங்க?"

"எந்த டப்பா மாமா?"

"அதான் மாப்ள, மருந்து டப்பா. காலைல ஒன்னு சாயங்காலம் ஒன்னு, ஒரு நாளு தவறல. அவளுக்கு இப்ப வாய்க்கசப்பு இல்ல, கொமட்டல் இல்ல, ஆளே தெளிஞ்சிட்டா. ஒங்க மருந்து மருந்துதான்."

எனக்குக் கை நின்றுவிட்டது. காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று யார் சொன்னது என்று கேட்டேன். டவுனில் ஒரு சொல்தா இருக்கிறார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அவர் கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கு எழுத்து சரியாகப் படித்துச் சொல்லியிருக்கிறார். பத்து வருடம் என்பதையும் விடவில்லை. பிரெஞ்சுக்காரனுக்கு வேடிக்கை வரும் என்று ராணுவத்தில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

நம்ம மருந்து வேலை செய்கிறது என்று நான் சொல்கிறேன். பின்னாலேயே என் பெட்டியில் டப்பா வருகிறது. படித்தவர் ஒருவர் அளவு சொல்கிறார். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மத்தி மீனை வாங்காத என் அக்கா வேறு எதைப் பார்ப்பாள்? செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் தங்களுக்கு வந்த டப்பாவைக் கொண்டுவந்து அவளிடமே கொடுத்துவிட்டார்களாம். ஒருத்தி, தெரியாமல் நாலைத் தின்றுவிட்டேன் என்று அழுதாளாம்.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போறீங்கல்ல?"

"அதெல்லாம் நிறுத்தியாச்சு மாப்ள. ரெண்டு தவணை போவல. சொந்தத் தம்பி மருந்து இருக்கறப்ப அந்தக் கஷ்டம் எதுக்குங்கறா."

எனக்கு எதிரே இருந்த குடுவைகளில் எண்கள். ஒவ்வொன்றும் நான் எழுதியது. இரண்டு தவணை போகவில்லை என்றால், அவள் மருந்தில்லாமல் இருந்த நாட்களை நான் வாரத்துக்கு இரண்டு குடுவை வீதம் எண்ணிப் பார்த்தேன். எண்ணக் கூடாது என்று தெரியும், குடுவையில் வளர்வதும் உடம்பில் வளர்வதும் ஒன்றல்ல என்றும் தெரியும். எண்ணினேன்.

5

அன்று மதியமே லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். சத்தியமாக. ஆனால் அவள் எடுத்தவுடன், "வாடா டாக்டரு" என்றாள். அந்தக் குரலில் இருந்த தெம்பைக் கேட்டதும் நான் வேறு ஒன்றைச் சொன்னேன்.

"அக்கா, அந்த மாத்திரையோட ஆஸ்பத்திரி ஊசியும் சேத்துப் போட்டாத்தான் நல்லா புடிக்கும். நாளைக்கே போயிடு."

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை? பொய்யும் கெடாது, சிகிச்சையும் நடக்கும், டாக்டர் பட்டமும் கைவசம் இருக்கும்.

"ரெண்டும் ஒன்னாப் போட்டா ஒடம்பு தாங்குமாடா? அந்த ஊசிய நெனச்சாலே ஈரக்கொல நடுங்குது. இது போதும்டா. பத்து வருசத்துக்குன்னுல்ல எழுதியிருக்கு. அப்ப பத்து வருசம் இருப்பேன்னுதானே அர்த்தம்?"

புதன் மதியம் இங்கே பள்ளிக்கூடம் கிடையாது; பக்கத்து அறையில் இருந்து மாயா வந்தாள். பதினைந்து வயது. அவளுடைய தமிழைப் பற்றி நான் எத்தனையோ கல்யாண வீடுகளில் தலைகுனிந்திருக்கிறேன். வீட்டில் கேட்டது மட்டும்தான் அவளுக்கு வரும்: சாப்பிடு, தூங்கு, போ, வா, செத்துப்போச்சு. கடைசிச் சொல் என் வேலையால் வந்தது. இன்று எந்தக் குடுவை செத்தது என்பதுதானே சாப்பாட்டு மேஜையில் பேச்சு. சுற்றி வளைத்துப் பேசுவதற்கு நாம் வைத்திருக்கும் சாமான்கள் எதுவும் அவளிடம் கிடையாது. பிரெஞ்சில் என்னைப் பார்த்து, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, நான் மாயா. அது மருந்து இல்ல. மிட்டாய். நான்தான் டப்பால போட்டேன். அப்பா மருந்து இன்னும் எலிக்குத்தான். எலி கூட நெறைய செத்துப்போச்சு. அப்பா டாக்டர் இல்ல. உங்களுக்குக் கேன்சர். ஆஸ்பத்திரி போகலன்னா நீங்க செத்துப்போவீங்க."

எங்கள் குடும்பத்தில் அந்த வார்த்தை அன்றுதான் முதல்முறையாகச் சொல்லப்பட்டது. சொல்லி முடித்துவிட்டு மாயா அழ ஆரம்பித்தாள்.

"அப்பாகிட்ட குடு பாப்பா" என்றாள் அக்கா.

"மிட்டாயாடா?"

"ஆமாக்கா."

"டாக்டரு?"

"இல்லக்கா. செல்லுக்குச் சாப்பாடு ஊத்துறவன்."

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சுடா. மாத்திர இவ்ளோ ருசியா இருக்குமான்னு. ஒங்கிட்ட கேட்டா இல்லேன்னு சொல்லிடுவியேன்னுதான் கேக்கல."

பத்து வருடத்தில் நான் செய்த எந்தத் தவறுக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்கு வெட்கப்பட்டதுபோல் வெட்கப்படவில்லை. தலையை ஆட்டினேன். போனில்.

6

உடனே விமானம் ஏறியிருக்க வேண்டும். புது அட்டை கைக்கு வருவதற்கு முன்னால் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று அதே கவுன்ட்டரில் கேட்டேன். "கொள்கையளவில் விடுவார்கள்" என்றார் அந்த அம்மாள். பிரெஞ்சுக்காரர்கள் கொள்கையளவில் என்று சொன்னால் நீங்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று பொருள். அட்டையைச் சாக்கு வைத்து ஒளிந்துகொள்கிறாய் என்றாள் என் மனைவி. அவள் சொன்னது சரி. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அட்டை வந்திருந்தாலும் வேறு ஏதாவது காகிதம் கண்டுபிடித்திருப்பேன்.

அக்கா மூன்றாம் நாளே புதுச்சேரிக்குப் போனாள். அங்கே டாக்டர், மாமாவைப் பிடித்து எல்லார் எதிரிலும் திட்டினாராம். சுருங்கின கட்டி பழைய அளவுக்கு வந்து, அதற்கு மேலும் கொஞ்சம் போயிருக்கிறது. மருந்தை மாற்ற வேண்டியிருக்கிறது. புது மருந்து முந்தையதைவிடக் கடுமை. அறுவை எப்போது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. இனி ஒரு தவணை விட்டால் எதுவுமே சொல்ல முடியாது என்றாராம். இதற்கெல்லாம் காரணம் மிட்டாய் இல்லை. என் குரல் செய்தி. அதில் இருந்த 'நம்ம'.

அக்கா என்னுடன் பேசுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மாயாவோடுதான் அதிகம் பேசுகிறாள். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்புகிறாள், எனக்கில்லை. மாயா எண்களைப் பிரெஞ்சில் முனகிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு அத்தை", "இது கொஞ்சம் கெட்டது அத்தை" என்று பதில் போடுகிறாள். அவ்வளவு தமிழ் போதுமானதாக இருக்கிறது.

போன வாரம் தவணை நாள். மருந்து ஏற்றும் அறையில் இருந்து மாமா வீடியோவில் கூப்பிட்டார். வரிசையாக நாற்காலிகள். அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் கறுத்திருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண், அவளும் காரைக்கால் பக்கம், விழிதியூராம், முப்பது வயதுகூட இருக்காது. நர்ஸ் ஊசியோடு நிற்கிறாள், இந்தப் பெண் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "வேணாம், நான் வீட்டுக்குப் போறேன்" என்று அழுகிறாள்.

அக்கா போனை மாமாவிடமிருந்து வாங்கி அவள் பக்கம் திருப்பினாள். "இதான் என் தம்பி. சொன்னன்ல, பிரான்ஸுல அந்த மருந்து செய்யற எடத்துல இருக்கான்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அண்ணே, அது எப்பண்ணே வரும்?"

நான் திருந்தின மனிதன் இல்லையா. உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதும்மா. வருமான்னே தெரியாது."

அவள் முகம் விழுந்தது. எழுந்திருக்கப் போனாள்.

"ஒக்காருடி," என்றாள் அக்கா. "அவன் கெடக்குறான், எலிக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கறவனுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன், அஞ்சு வருசம். அஞ்சே வருசம். வர்றப்ப வாங்கிப் போட்டுக்க நாம இருக்க வேணாமா? கைய நீட்டு."

ஐந்து வருடம் என்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் சொன்னதில்லை. பத்து என்றும் சொன்னதில்லை. திருத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண் முந்தானைக்குள் இருந்து கையை எடுத்து நீட்டினாள். பக்கத்திலேயே அக்காவும் தன் கையை நீட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.